ஊசித் துளையும் டிஸ்சார்ஜ் சீட்டும்

2020 ஏப்ரல், மே மாதங்களில் கொங்கு வட்டாரத்துத் தையல் கூடங்களைத் திணறடித்தது ஓர் ஊசித் துளை. பனியனும் டி-ஷர்ட்டும் தைத்துப் பழகிய மிஷின்களில் கொரோனா வார்டுக்கான கவச உடையைத் தைக்கத் தொடங்கியிருந்த நேரம் அது. துணி வந்துவிட்டது, அளவு தெரிந்துவிட்டது, தைக்கக் கைகளும் இருந்தன. ஆனால் தைத்த உடை கோவையில் உள்ள தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனையைத் தாண்டியாக வேண்டும். சிட்ரா என்றால்தான் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அங்கே செயற்கை ரத்தத்தை அழுத்தம் கொடுத்துச் செலுத்திப் பார்ப்பார்கள். துணி தாங்கினாலும் தையல் ஓரம் கசிந்தால் உடை தேறாது. ஊசி இறங்கி ஏறும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு துளை விழுகிறது. டி-ஷர்ட்டில் அந்தத் துளையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கொரோனா வார்டில் அது ஒரு நர்ஸின் உயிர். தையலின் மேல் சூடான காற்றால் டேப் ஒட்டி மூட வேண்டும் என்று ஆனதும், அந்த டேப்புக்கும் அதை ஒட்டும் மிஷினுக்கும் எல்லோரும் அலைந்தார்கள்.

அந்த நாட்களில் தையல் தெரிந்தவர்களும் இருந்தார்கள், வார்டு தெரிந்தவர்களும் இருந்தார்கள். இரண்டையும் சேர்த்து யோசிக்கக்கூடியவர்கள்தான் அரிதாக இருந்தார்கள். அந்த உடையை ஒரு நர்ஸ் தண்ணீர்கூடக் குடிக்காமல் மணிக்கணக்கில் போட்டிருக்க வேண்டும். உயரம் குறைந்தவருக்கு அது தரையில் இழுபடக் கூடாது. கழற்றும்போது வெளிப்பக்கம் கையில் படக் கூடாது. இவையெல்லாம் உடை வடிவமைப்பின் கேள்விகள். ஒரு ஷிஃப்டுக்கு எத்தனை உடை வேண்டும், இருப்பை யார் எண்ணுவது, கழற்றியதை எந்த நிறப் பையில் போடுவது என்பவை மருத்துவமனை நிர்வாகத்தின் கேள்விகள். கல்லூரிக் கையேடுகளில் ஃபேஷன் டிசைன் ஒரு பக்கத்திலும் ஹெல்த்கேர் மேனேஜ்மென்ட் அடுத்த பக்கத்திலும் அச்சாகி வருகின்றன. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத, ‘இன்ஜினீயரிங்கும் மெடிக்கலும் கிடைக்காதவர்களுக்கான’ படிப்புகள் என்றே அவை பார்க்கப்படுகின்றன. ஆனால் இரண்டுமே ஒரே வகை மனிதரை உருவாக்க வேண்டிய படிப்புகள். முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவில், டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவில், பல கைகள் சேர்ந்து செய்யும் வேலையை ஒழுங்குபடுத்தி நிற்கும் மனிதர் அவர்.

பிளஸ் டூ ரிசல்ட் வரும் மே மாதத்தில் இந்தப் படிப்புகளின் விளம்பரங்களைப் பாருங்கள். ஃபேஷன் டிசைனுக்கு ஒளி வெள்ளத்தில் நடந்து வரும் ஒரு பெண். மருத்துவமனை நிர்வாகத்துக்குக் கண்ணாடிக் கட்டடத்தின் முன் கோட்டும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ஓர் இளைஞர். கட்டிங் டேபிளையோ பில்லிங் கவுன்ட்டர் வரிசையையோ எந்த விளம்பரமும் காட்டுவதில்லை. பிள்ளைகளுக்கு ஆசை காட்டுவதில் தவறில்லை. ஆனால் அந்தப் படத்தையே பாடத்திட்டமாகவும் ஆக்கிவிட்டால், மூன்று ஆண்டுகள் கழித்து வேலைக்குப் போகும் இடத்தில் அந்தப் பிள்ளை கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல் நிற்கிறது. தமிழ்நாட்டுக்கு இது கூடுதல் வருத்தம். பின்னலாடைக்குத் திருப்பூர், பட்டுக்குக் காஞ்சிபுரம், கண் மருத்துவ நிர்வாகத்துக்கு மதுரை, மருந்து வினியோக நிர்வாகத்துக்குச் சென்னை என்று உலகம் வந்து பார்த்துவிட்டுப் போகும் பாடங்கள் இங்கேயே பஸ் ஏறிப் போகும் தூரத்தில் இருக்கின்றன. அவற்றைத் தாண்டிக் குதித்து, பாரிஸின் ஃபேஷன் வரலாற்றிலிருந்தும் அமெரிக்க நிர்வாகப் புத்தகங்களிலிருந்தும் பாடம் தொடங்குவதுதான் இந்தப் படிப்புகளின் அடிப்படைக் கோளாறு.

ஃபேஷனில் இருந்து தொடங்கலாம். தேசிய ஆடை அலங்காரத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்ட், மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கீழ் 1986இல் டெல்லியில் தொடங்கியது. 1995இல் சென்னைக்கு வந்தது. அந்த இடங்கள் சிலருக்குத்தான் கிடைக்கும். கொங்கு மண்டலத்தின் கலை அறிவியல் கல்லூரிகளில் பெரும்பாலான பிள்ளைகள் படிப்பது பி.எஸ்சி. காஸ்ட்யூம் டிசைன் அண்ட் ஃபேஷன். அதைச் சுருக்கி சி.டி.எஃப். என்பார்கள். இந்த மாணவிகளில் பலருக்குத் திருப்பூர் கூப்பிடு தூரம். ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்யும் ஊர் அது. அங்கே வடிவமைப்பு என்பது என்ன என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு ஆண்கள் டி-ஷர்ட்டை எடுத்துக்கொண்டால் போதும்.

உடல் நீளம் 72 சென்டிமீட்டர், கை நீளம் 22, மடிப்புக்கும் தையலுக்கும் 10. மார்பின் பாதி அகலம் 52, தையலுக்கு 4. நீளங்களைக் கூட்டி, அகலத்தால் பெருக்கி, முன்னும் பின்னும் என்று இரண்டால் பெருக்கினால் 11,648 சதுர சென்டிமீட்டர் துணி வருகிறது. சதுர மீட்டருக்கு 180 கிராம் எடையுள்ள துணி என்றால் ஒரு பீஸுக்கு ஏறத்தாழ 210 கிராம். ஒரு லட்சம் பீஸ் ஆர்டருக்கு 21 டன். இந்தக் கணக்கைத் திருப்பூரில் எந்தக் கட்டிங் மாஸ்டரும் வாய்க்கணக்காகச் சொல்லிவிடுவார். இப்போது ஒரு டிசைனர் பக்கவாட்டில் ஒரு வளைவைச் சேர்க்கிறார் என்று வையுங்கள். காகிதத்தில் அது அழகான ஒரு கோடு. ஆனால் துணியை அடுக்கி வெட்டும்போது அந்த வளைவுக்கு அருகில் இன்னொரு துண்டு பொருந்தி உட்காராமல், நூற்றுக்கு ஐந்து பங்கு துணி கூடுதலாக விரயமானால், ஒரு டன்னுக்கு மேல் துணி குப்பைக்குப் போகிறது. அந்தத் துணி பருத்தியாக விளைந்தது, நூலாகி நிட்டிங் ஆனது, சாயம் ஏறியது. ஒரு பென்சில் கோட்டின் எடை ஒரு டன் என்று முதல் ஆண்டிலேயே உணர்ந்த மாணவி, பிறகு எந்தக் கோட்டையும் யோசிக்காமல் போட மாட்டாள்.

சாயத்திலும் இதே கதைதான், இன்னும் கனமாக. பருத்தியில் சாயம் ஏற உப்பு வேண்டும். நிறம் அடர அடர உப்பும் கூடும். இளம் நிறத்துக்குப் போவதைவிடக் கறுப்புக்கும் கருநீலத்துக்கும் அதிகமாகப் போகும். அந்த உப்பு துணியில் தங்குவதில்லை, தண்ணீரோடு வெளியே வந்துவிடுகிறது. நொய்யலில் அது பல ஆண்டுகள் கலந்தது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாக மாறியது. கீழ்ப்பகுதி விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்தினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத நிலை வரும்வரை சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன, ஊரே ஸ்தம்பித்தது. பிறகு கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறையைத் திருப்பூர் பெரும் செலவில் கட்டிக்கொண்டது. உலகில் வேறு எந்த ஜவுளி ஊருக்கும் எளிதில் கிடைக்காத அனுபவம் இது. ‘சஸ்டெயினபிள் ஃபேஷன்’ என்ற பெயரில் வகுப்பறைகளில் ஒரு தாள் நடத்தப்படுகிறது. அந்தத் தாளில் ஐரோப்பியச் சான்றிதழ்களின் பெயர்கள் வருகின்றன. ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் மாணவி அதற்கு எத்தனை கிலோ உப்பு ஆகும் என்றும், அந்த உப்பைத் தண்ணீரிலிருந்து பிரித்தெடுக்க எவ்வளவு செலவாகும் என்றும் கணக்கிட்டுக் காட்ட வேண்டும் என்பதுதான் உண்மையில் அந்தத் தாளின் தேர்வுக் கேள்வியாக இருக்க வேண்டும்.

திருப்பூருக்கு டிசைனரே தேவையில்லை என்று சிலர் சொல்வார்கள். ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ இருக்கும் பையர் டெக் பேக் என்ற வடிவமைப்பு விவரத்தை அனுப்புகிறார், அதில் உள்ளபடி தைத்து அனுப்பினால் முடிந்தது என்பது அவர்கள் வாதம். நேற்றுவரை அது பாதி உண்மை. 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது, அடுத்தவர் வரைந்ததைக் குறைந்த கூலியில் தைத்துக் கொடுப்பதை மட்டுமே நம்பினால் என்ன ஆகும் என்பது ஒரே வாரத்தில் தெரிந்துவிட்டது. ஆர்டரை இன்னொரு நாட்டுக்கு மாற்ற பையருக்கு ஒரு மின்னஞ்சல் போதும். சொந்தமாக ஓர் உடையை யோசித்து, அதற்குத் துணி தேர்ந்து, விலை கட்டுப்படியாகும்படி தைத்து விற்கும் திறன் ஊருக்குள் இருந்தால் அவ்வளவு சுலபமாக அதை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது. அந்தத் திறனைக் கற்றுத்தர வேண்டிய இடம்தான் கல்லூரி.

சொந்தமாக யோசிப்பது என்றதும் மேடை உடைகளைக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. இந்திய வடிவமைப்புக் கல்வியின் தொடக்க ஆவணம் என்று சொல்லத்தக்கது, 1958இல் வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் மத்திய அரசுக்குக் கொடுத்த அறிக்கை. அதன் விளைவாகத்தான் 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது. நல்ல வடிவமைப்புக்கு அவர்கள் எடுத்துக்காட்டியது நம் வீட்டுச் சொம்பை! கைக்கு எப்படி உட்கார்கிறது, இடுப்பில் எப்படி நிற்கிறது, எவ்வளவு கொள்ளும், எப்படித் துலக்குவது என்று பல தலைமுறைக் கைகள் சேர்ந்து தீர்மானித்த வடிவம் அது. அந்தக் கண்ணோடு பார்த்தால் தமிழ்நாட்டின் வீடுகளில் பெண்கள் அதிக நேரம் உடுத்தியிருக்கும் நைட்டி ஒரு பெரிய ஆராய்ச்சிப் பொருள். அடுப்படியில் வேலை செய்ய வேண்டும், வாசலில் யாராவது வந்தால் துண்டு தேட வேண்டியிருக்கக் கூடாது, போன் வைக்கப் பை வேண்டும், குழந்தைக்குப் பால் கொடுக்க வேண்டும். இவ்வளவையும் ஏற்கும் ஓர் உடையை இருநூறு ரூபாய் சொச்சத்தில் யோசித்துக் காட்டுவது, ஒரு சினிமா நடிகைக்கு கவுன் வரைவதைவிடக் கடினமான வேலை என்றே நான் நினைக்கிறேன். பட்டுச் சேலைக்கும் அதே கண் வேண்டும். காஞ்சிபுரத்தில் கோர்வை முறையில் உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் இரண்டு பேர் சேர்ந்து நெய்கிறார்கள். அந்தத் தறியின் கட்டுப்பாடுகளை அறியாமல் கம்ப்யூட்டரில் வரையும் புட்டா, நெசவாளியின் நாள்கூலியைத்தான் தின்னும்.

இனி மருத்துவமனை. காலை பத்து மணிக்கு ரவுண்ட்ஸ் வரும் பெரிய டாக்டர், “இன்னைக்கு வீட்டுக்குப் போகலாம்மா” என்று சொல்லிவிட்டுப் போகிறார். அந்த வார்த்தை கேட்டதும் பிளாஸ்க்கையும் வயர் கூடையையும் கட்டி வைத்துவிட்டு, கட்டிலின் ஓரத்தில் புடவை மாற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார் நோயாளி. மகன் ஆட்டோவுக்குச் சொல்லிவிடுகிறான். அதன் பிறகுதான் சங்கிலி தொடங்குகிறது. டியூட்டி டாக்டர் டிஸ்சார்ஜ் சம்மரி எழுத வேண்டும், அவர் அவசரப் பிரிவில் இருக்கிறார். மிச்ச மருந்து ஃபார்மசிக்குத் திரும்பினால்தான் கணக்கு முடியும். ஒரு ரத்தப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. பில் தயாரானதும் இன்ஷூரன்ஸுக்குப் போகிறது, அங்கிருந்து ஒரு சந்தேகம் கேட்டு வருகிறது. மாலை நான்கு மணிக்கு அவர் கட்டிலை விட்டு இறங்குகிறார். அந்த ஆறு மணி நேரமும் அதே கட்டிலுக்காகக் கீழே அவசரப் பிரிவில் இன்னொருவர் ஸ்ட்ரெச்சரில் படுத்திருக்கிறார். இந்தத் தாமதத்தில் டாக்டரின் திறமைக்குறைவு எதுவும் இல்லை. மருந்துப் பற்றாக்குறையும் இல்லை. ஒருவர் வேலை முடிந்தால்தான் அடுத்தவர் வேலை தொடங்கும் என்று யாரோ ஒரு காலத்தில் அமைத்துவைத்த வரிசைதான் காரணம். கேஷ்லெஸ் சிகிச்சைக்கு டிஸ்சார்ஜ் ஒப்புதலை மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் கட்டளையிட்டது. அது சங்கிலியின் ஒரு கண்ணிக்கு மட்டும்தான் பொருந்தும். மற்றக் கண்ணிகளை அந்தந்த மருத்துவமனையில் உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்து, யாரிடம் எத்தனை நிமிடம் தாள் தங்குகிறது என்று எழுதி, வரிசையை மாற்றி அமைக்க ஓர் ஆள் வேண்டும். மருத்துவமனை நிர்வாகப் படிப்பின் உயிர் அங்கே இருக்கிறது.

அப்படி மாற்றி அமைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு மதுரை சாட்சி. அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி, 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் வளைந்த விரல்களோடு அறுவை செய்து பழகியவர் அவர். அங்கே நடந்த பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்று, ஒரு டாக்டருக்கு இரண்டு அறுவை மேசைகள் என்ற ஏற்பாடு. ஒரு மேசையில் அறுவை நடக்கும்போது அடுத்த மேசையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். முதல் அறுவை முடிந்ததும் டாக்டர் மைக்ரோஸ்கோப்பைத் திருப்பிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிடுவார். டாக்டரின் கை மட்டுமே செய்யக்கூடியதை டாக்டர் செய்கிறார். மற்ற எல்லாவற்றையும், பிளஸ் டூ முடித்துக் கிராமங்களிலிருந்து வந்து இரண்டு ஆண்டு பயிற்சி பெற்ற இளம்பெண்கள் செய்கிறார்கள். அந்தப் பெண்கள் இல்லாமல் அரவிந்த் இல்லை. கூடவே 1992இல் ஆரோலேப் தொடங்கி, வெளிநாட்டிலிருந்து நூறு டாலர் அளவில் வந்துகொண்டிருந்த உள்விழி லென்ஸைப் பத்து டாலருக்கும் கீழே கொண்டுவந்தார்கள். கட்டணம் கட்டுபவர்களின் பணத்தில், கட்ட முடியாதவர்களுக்கும் அதே தரத்தில் அறுவை நடக்கிறது. ஹார்வர்டு வணிகப் பள்ளி 1993இலேயே இதைப் பாடமாக எழுதி வைத்துக்கொண்டது. 1992இல் தொடங்கிய லைக்கோ என்ற அரவிந்தின் பயிற்சி நிறுவனத்துக்குப் பல நாடுகளின் கண் மருத்துவமனைகளிலிருந்து ஆட்கள் வந்து படித்துப் போகிறார்கள். உசிலம்பட்டியிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் நிர்வாகம் படிக்கும் பிள்ளைகள் ஹார்வர்டு பாடத்தின் நகலைத்தான் படிக்க வேண்டும் என்றால் அது எவ்வளவு பெரிய சுற்றுவழி!

அரசு தரப்பிலும் ஒரு பாடம் இருக்கிறது, அதை நான் அரவிந்துக்குச் சமமாகவே மதிக்கிறேன். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் உருவாயிற்று. ஐ.ஏ.எஸ். அதிகாரி ஆர். பூரணலிங்கம் முன்னின்று வடிவமைத்தார். அதற்கு முன் அரசு மருத்துவமனைகளில் ஒரு பக்கம் மருந்து இல்லை என்ற பேச்சு, இன்னொரு பக்கம் தேவையில்லாத மருந்து காலாவதியாகிக் கிடக்கும். கழகம் வந்ததும் டெண்டர் ஒரே இடத்தில் நடந்தது. வந்த சரக்கின் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, எந்தக் கம்பெனி என்று தெரியாதபடி பரிசோதனைக் கூடங்களுக்கு அனுப்பினார்கள். மாவட்டந்தோறும் கிடங்கு வைத்தார்கள். இவற்றுக்கெல்லாம் மேலாக, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்தார்கள். பேங்க் பாஸ்புக் மாதிரியேதான். அந்த ஆண்டு அந்த மருத்துவமனைக்கு எவ்வளவு மதிப்புக்கு மருந்து என்று அதில் வரவு வைத்திருக்கும். கிடங்கில் எடுக்க எடுக்க மதிப்பு கழியும். எதை எடுப்பது என்பதை அந்த ஊர் டாக்டர் முடிவு செய்வார். வயிற்றுப்போக்கு அதிகமுள்ள ஊரில் அதற்கான மருந்து, பாம்புக்கடி அதிகமுள்ள ஊரில் அதற்கான மருந்து. தலைமையகம் விலையையும் தரத்தையும் பார்த்துக்கொண்டது, தேவையை அடிமட்டம் சொன்னது. ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தால் அதிகாரத்தை இப்படிப் பிரித்துக் கொடுத்த யோசனை எந்த நிர்வாகப் பாடநூலுக்கும் குறைந்ததில்லை. கேரளமும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத் தங்கள் கழகங்களை அமைத்தன. பி.பி.ஏ. மருத்துவமனை நிர்வாகம் படிக்கும் பிள்ளை ஒருமுறையாவது அந்தக் கிடங்கில் நின்று, ஒரு மாத்திரை டெண்டரிலிருந்து பாட்டியின் கைக்கு வரும் வரை உள்ள பாதையை வரைந்து பார்க்க வேண்டும்.

நடுவில் நிற்பவர்களைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் இருக்கிறது. 2011 டிசம்பர் 9 அதிகாலை, கொல்கத்தாவின் ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்தது. கார் நிறுத்த வேண்டிய அடித்தளத்தில் எரியக்கூடிய பொருட்களை அடுக்கி வைத்திருந்தார்கள். புகை மேல் மாடிகளுக்கு ஏறி, எழுந்து நடக்க முடியாத நோயாளிகள் உட்படத் தொண்ணூறு பேர் அளவில் இறந்தார்கள். 2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவுக்கு அருகில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் மாண்டார்கள். முந்தைய நாளே விரிசல் தெரிந்தது. அதே கட்டடத்தில் இருந்த வங்கி தன் ஊழியர்களை அனுப்பிவிட்டது. மேல் தளங்களில் இருந்த கார்மென்ட்ஸ் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் காலை வேலைக்குள் போகச் சொன்னார்கள். இரண்டு இடங்களிலும் குற்றம் முதலில் உரிமையாளர்களுடையது, அதில் சந்தேகமில்லை. ஆனால் “உள்ளே போங்கள்” என்று தளத்தில் நின்று சொன்னவரும், அடித்தளத்தில் அந்த மூட்டைகளைத் தினமும் கடந்து போனவரும் நடுவில் இருப்பவர்கள். ஷிப்மென்ட் தேதி நெருங்குகிறது, முதலாளி போனில் கத்துகிறார், விரிசல் சுவரில் தெரிகிறது. இருபத்து மூன்று வயதில் ஒரு பட்டதாரி அந்த இடத்தில் நிற்க நேரலாம் என்பதைச் சொல்லித்தராத ஃபேஷன் படிப்பும் நிர்வாகப் படிப்பும் அரைகுறைப் படிப்புகளே. தொழிற்சாலைச் சட்டம், தீயணைப்பு விதிகள், தொழிலாளர் உரிமை ஆகியவை கடைசி செமஸ்டரில் ஒப்புக்கு நடத்தும் தாளாக இருக்கக் கூடாது.

இங்கே ஒரு மறுப்பு வரும். அது என்னை உண்மையிலேயே யோசிக்கவைக்கிற மறுப்பு. அம்மா இருபது ஆண்டுகளாக ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்து முதுகு போனவர். அக்கா ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தவர். அந்த வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் பெண்ணைத் திரும்பவும் அதே தளத்துக்கே அனுப்பச் சொல்கிறீர்களே, ஏ.சி. அறையும் வெள்ளை மேசையும் அவளுக்கு ஆகாதா என்று ஒருவர் கேட்கலாம். அந்தக் கோபம் நியாயம். ஆனால் அவள் அங்கே போவது அம்மா போன இடத்துக்கு இல்லை. நாற்காலியின் உயரத்தை மாற்றச் சொல்லும், விளக்கை அருகில் கொண்டுவரச் சொல்லும், மணிக்கு இத்தனை பீஸ் என்ற இலக்கு நியாயமா என்று கணக்குப் போட்டுக் காட்டும் இடத்துக்குப் போகிறாள். கழுத்துப் பட்டியைப் பேட்லாக் மிஷினில் இழுக்காமல் வைப்பது எப்படி என்பது அம்மாவின் விரலில் இருக்கும் அறிவு. அதை நிமிடங்களாகவும் காசாகவும் எழுதத் தெரிந்த மகள் கையில்தான் அந்த அறிவுக்கு விலை கிடைக்கும். வகுப்பறையில் அந்த அறிவைக் கேவலமாக நினைக்கப் பழக்கினால், அவள் தன் வீட்டில் இருந்த மிகப் பெரிய முதலீட்டைத் தொலைத்துவிட்டு வெறுங்கையோடு போட்டிக்குப் போகிறாள். மொழிக்கும் இது பொருந்தும். கைமடி, பவர் டேபிள், பீஸ் ரேட் என்று தளத்தில் புழங்கும் சொற்களும், “நெஞ்சு கரிக்குது, கை மரமரங்குது” என்று நோயாளி சொல்லும் வார்த்தைகளும் கிராமத்துப் பிள்ளைக்கு ஏற்கனவே தெரியும். ஆங்கிலம் அவசியம், கூடுதலாகக் கற்றுத்தர வேண்டும். ஆனால் இந்தச் சொற்கள் தெரியாத எம்.பி.ஏ.வால் ஒரு வரிசையைக்கூடச் சீர்செய்ய முடியாது.

பல்கலைக்கழகத்தை ஐ.டி.ஐ. ஆக்கப் பார்க்கிறீர்களா என்பது பேராசிரியர்கள் சொல்லும் அடுத்த மறுப்பு. தளத்துக்குப் போவதால் தத்துவமும் வரலாறும் குறைய வேண்டியதில்லை, கூட வேண்டும். 2005 ஜனவரி 1இல் ஜவுளிக்கான பன்னாட்டு ஒதுக்கீட்டு முறை முடிவுக்கு வந்தது திருப்பூரை எப்படி மாற்றியது என்று தெரியாமல் இன்றைய வரிப் போரை ஒரு மாணவியால் புரிந்துகொள்ள முடியாது. புள்ளியியல் தெரியாமல் புறநோயாளி வரிசையை அளக்க முடியாது. பாஸ்புக் யோசனையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, அது ஏன் வேலை செய்தது என்று வாதாட வேண்டும். அது பல்கலைக்கழகம் மட்டுமே செய்யக்கூடிய வேலை.

இன்டர்ன்ஷிப் என்ற பெயரில் பிள்ளைகளைச் சம்பளமில்லா ஆள்களாகப் பயன்படுத்துவார்கள் என்ற பயத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆறு மாதம் ஜெராக்ஸ் எடுக்கவும், கோப்பு தூக்கவும், நூல் பிசிறு வெட்டவும் வைத்துவிட்டுச் சான்றிதழ் கொடுப்பது நடக்கிற காரியம். அதற்கு விடை, அனுப்பாமல் இருப்பதில் இல்லை. தொழிற்பழகுநர் சட்டம் 1961லிருந்து இருக்கிறது, உதவித்தொகையோடு பழக வழி வைத்திருக்கிறது. பட்டப்படிப்போடு அதைச் சேர்த்து நடத்த யு.ஜி.சி. 2020இல் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. கல்லூரி தன் ஆசிரியர் ஒருவரையும் பிள்ளைகளோடு தளத்தில் நிறுத்த வேண்டும். அவர் கையில் இன்ன வாரம் இன்ன வேலை கற்க வேண்டும் என்ற எழுத்து இருக்க வேண்டும். மாணவியை மட்டும் பஸ் ஏற்றி அனுப்பிவிட்டுக் கல்லூரி கதவைச் சாத்திக்கொள்வதுதான் சுரண்டலுக்கு வழி விடுகிறது.

மருத்துவமனை மேனேஜர் என்றாலே பில்லை ஏற்றுபவர், படுக்கைக்கு இவ்வளவு வருமானம் என்று டாக்டரை நெருக்குபவர் என்ற கசப்பு மக்களிடம் இருக்கிறது. பல இடங்களில் அது நிஜம் என்பதால்தான் பாடம் எங்கிருந்து வருகிறது என்பது முக்கியமாகிறது. கட்டணம் கட்டுபவரையும் கட்டாதவரையும் ஒரே தரத்தில் பார்க்க ஒரு மருத்துவமனையால் முடிந்திருக்கிறது, விலை குறைத்துத் தரம் காக்க ஓர் அரசுக் கழகத்தால் முடிந்திருக்கிறது என்பதைக் கணக்கோடு படித்துவிட்டு வரும் இளைஞருக்கு, வருமான இலக்கு ஒன்றுதான் வழி என்று யாராவது சொன்னால் எதிர்த்துக் கேட்க ஆதாரம் கையில் இருக்கும்.

அட்மிஷனுக்கு அலையும் பெற்றோர் கல்லூரியின் கட்டடத்தையும் ஃபேஷன் ஷோ வீடியோவையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளின் நோட்டை வாங்கிப் பார்க்க வேண்டும். அதில் ஒரு சட்டையின் காஸ்ட்டிங் இருக்கிறதா? ஒரு வார்டில் நோயாளி காத்திருந்த நிமிடங்களின் பதிவு இருக்கிறதா? பாடம் நடத்துபவர்களில் கட்டிங் மாஸ்டரோ, நர்ஸிங் சூப்பரின்டெண்டென்ட்டோ ஒருவராவது உண்டா? டைம்டேபிளையும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். வாரம் முழுதும் ஓடிய பீஸுக்குக் கணக்குப் பார்த்து, ரேட்டுக்குச் சண்டை போட்டு, பணம் எண்ணி வாங்கும் மாலை அது. ஓர் உடையின் உண்மையான விலை வாய்விட்டுப் பேசப்படும் அந்த நேரத்தில் பல கல்லூரிகளுக்கு விடுமுறை. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு எந்த அரசு மருத்துவமனையிலும் ஓ.பி. சீட்டுக்கான வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். நிர்வாகம் படிக்கும் பிள்ளைகள் அப்போதுதான் கல்லூரி பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள். முதல் செமஸ்டரிலேயே ஃபேஷன் வகுப்பைச் சனிக்கிழமை மாலைக்கும் நிர்வாக வகுப்பைத் திங்கள் காலைக்கும் மாற்ற எந்தப் பல்கலைக்கழகத்தின் அனுமதியும் தேவையில்லை. கல்லூரி முதல்வரின் ஒரு கையெழுத்தும், அதிகாலை கிளம்பத் தயாராக இருக்கும் ஒரு பஸ் டிரைவரும் போதும்.